பல கடிகாரம், ஒரு நேரம்

பொழுதை அளந்து வாழ்தல் தமிழர்க்குப் புதியதன்று. பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைத்தோரை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. அக்காலத்தில் ஓரூரின் பொழுது அவ்வூர்க்குப் போதுமானதாயிருந்தது. புகைவண்டி வந்தபின் அந்நிலை மாறிற்று. ஊர்தோறும் நேரம் வேறுபடின் வண்டிகள் ஒழுங்காக ஓடுதல் எங்ஙனம்? ஆதலின், 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வு நிலையம் கணித்த சென்னை நேரம் தந்தி வாயிலாக அறிவிக்கப்பட்டது; புகைவண்டிகளும் அந்நேரப்படி ஓடின. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. அது கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையைச் சார்ந்தது. விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில், அக்கோட்டினும் ஏறக்குறைய 12 நிமிடம் பிந்தியே ஞாயிறு உச்சியை அடைகின்றது. எனினும் அவ்வூராரும் பொதுநேரத்தையே கைக்கொள்கின்றனர்.

மாணவர்களே! இத்தகைய இடர் கணிப்பொறிகளுக்கும் உண்டு. அவ்வூர்ப் பள்ளியொன்றில் பத்துக் கணிப்பொறிகள் தம்முள் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றினுள்ளும் அதிரும் படிகத்தாலாகிய கடிகாரம் உண்டு. வெப்பம் மாறினும் படிகம் முதிரினும் அதன் நடை மாறும். நாளொன்றுக்கு ஓரிரு நொடி பிழைத்தலும் கூடும். மாணவன் ஒருவன் ஒரு பொறியில் கட்டுரை எழுதுகின்றான். பின்னர் மற்றொன்றில் அதனைத் திருத்துகின்றான். இரண்டாம் பொறியின் கடிகாரம் பிந்தியிருப்பின், திருத்திய படி பழையதாகக் கருதப்பட்டு அழியவும் கூடும். அவன் உழைப்பு வீணாகும்.

இதனைத் தவிர்க்க 1985இல் டேவிட் மில்சு என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு முறையை வெளியிட்டார். ஒரு பொறி, தன் கடிகாரம் 10 மணி 0 நொடி காட்டும்போது தலைமைப் பொறியிடம் நேரம் வினவுகின்றது. தலைமைப் பொறி, ‘10 மணி 5 நொடி’ என உடனே விடை பகர்கின்றது. விடை வந்தடையும்போது வினவிய பொறியில் 2 நொடி கழிந்துள்ளது. போக்கிற்கும் வரவிற்கும் ஒவ்வொரு நொடி எனக் கொண்டால், அப்போது உண்மை நேரம் 10 மணி 6 நொடி. ஆகவே அப்பொறி 4 நொடி பிந்தியுள்ளது. விளக்கத்தின்பொருட்டே நொடியாகக் கூறினோம். பள்ளியளவில் இப்பயணத்திற்கு ஆயிரத்திலொரு நொடியே போதும். சிறு பிழையைப் பொறி மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளும். நேரத்தைத் திடீரெனப் பின்னுக்குத் தள்ளின் நிகழ்ச்சிகளின் வரிசை குழம்புமன்றோ?

தலைமைப் பொறியே பிழைபடின் பத்தும் ஒருங்கே பிழைபடும். ஆதலின் அதுவும் தன்னினும் சிறந்த கடிகாரத்தைச் சார்தல் வேண்டும். புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக்கடிகாரங்களால் இந்திய நேரத்தைப் பேணி வருகின்றது. பலர் ஒத்திருத்தல் நன்று. உண்மையோடு ஒத்திருத்தல் அதனினும் நன்று.