குடும்ப வண்டி நீண்ட நாள் உழைக்க...

இன்னோவா, எர்டிகா போன்ற ஏழு பேர் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டால், குலதெய்வக் கோயில் முதல் கல்யாண வீடு வரை அதில்தான் பயணம். கவனித்துக்கொண்டால் 15 ஆண்டு தாண்டியும் ஓடும்.

● காலையில் வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

● கூலன்ட் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது. தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

● ஆளும் சாமானும் நிறைந்தால் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். அளவு, ஓட்டுநர் பக்கக் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும்.

● டயரின் பக்கவாட்டில் 2321 என்று இருந்தால், அது 2021-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

● பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் கைவிடாது.

● சர்வீஸ் பில்களை ஒரே ஃபைலில் வையுங்கள். விற்கும்போது நல்ல விலைக்கு அதுவே சாட்சி.

பின்சீட்டில் தூங்கிவரும் பிள்ளைகளை நினைத்து, எந்தச் சர்வீஸையும் தள்ளிப்போடாதீர்கள்.