வரிக்கழிவு யாருக்குப் பயன்படும்?

அங்கத்தினர்களே! ஒரு தொழிலை ஊக்குவிக்க அரசாங்கம் மானியம் தரலாம், வரிக்கழிவும் தரலாம். இரண்டும் ஒன்றல்ல. வரியே இல்லாதவருக்கு எதிலிருந்து கழிப்பது?

அமெரிக்காவில் காற்றாலைக்கும் சூரிய ஒளி மின்சாரத்துக்கும் நெடுங்காலம் வரிக்கழிவே அளிக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் இலாபமிழந்த கம்பெனிகளால் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. ஆதலின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுக்குப் பதிலாகச் செலவில் 30 சதவிகிதம் வரை ரொக்க மானியம் வழங்கியது. கிராமங்களுக்கு மின்சாரம் அளிக்கும் கூட்டுறவுச் சங்கங்களோ பெரும்பாலும் வருமான வரி விலக்குப் பெற்றவை. எனினும் அம்மானியம் அவற்றுக்குக் கிட்டவில்லை. கழிவுக்கு ஈடான தொகையை அவையும் ரொக்கமாகப் பெற 2022ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

ஆகவே, எத்திட்டம் வரினும், "மானியமா, வரிக்கழிவா? நம் சங்கத்துக்கு வரியுண்டா? தொகை எப்போது கைக்கு வரும்?" என முதலில் வினவுங்கள், பிறகே கடன் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.