டேட்டா மிச்சம் பிடிக்கிற பிரவுசர்ல நெட்பேங்கிங் பண்றீங்களா?

பேலன்ஸ் பார்க்க, கிரெடிட் கார்டு பில் கட்ட, ஐடிஆர் ஃபைல் பண்ண எல்லாத்துக்கும் போன் பிரவுசரைத்தான் திறக்கிறோம். அது எந்த வகை பிரவுசர்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?

குரோம், ஃபயர்பாக்ஸ் மாதிரி சாதாரண பிரவுசர்ல உங்க போன் நேரடியா பேங்க் சர்வரோட பேசும். கிளவுட் பிரவுசர் அப்படி இல்லை. நடுவுல அந்தக் கம்பெனியோட சர்வர் இருக்கும். பக்கத்தை அதுதான் திறந்து, சுருக்கி, உங்க போனுக்கு அனுப்பும். ஓபரா மினியோட எக்ஸ்ட்ரீம் மோட், பஃபின் எல்லாம் இந்த வகை. 2005ல ஓபரா மினி வந்தப்போ நெட் ஸ்லோ, டேட்டா விலை அதிகம். அன்னிக்கு இது பெரிய வரம்.

சிக்கல் எங்கே? பக்கத்தைச் சுருக்கணும்னா முதல்ல அதைப் படிக்கணும். அதனால பேங்க் போட்ட பூட்டு அந்த நடு சர்வர்லயே திறக்கப்படுது. உங்க பாஸ்வேர்டும் அந்த வழியாத்தான் போகுது. 2013ல நோக்கியாவோட எக்ஸ்பிரஸ் பிரவுசர் இப்படிச் செய்றதை ஒரு ஆய்வாளர் வெளியே சொன்னார். நோக்கியாவும் ஒத்துக்கிட்டது, ஆனா யாரும் உள்ளடக்கத்தைப் பார்க்கிறதில்லைன்னு சொன்னது.

கம்பெனி திருடும்னு நான் சொல்லலை. ஆனா நீங்களே ஏடிஎம் போறதும், நல்ல மனுஷன் ஒருத்தர்கிட்ட கார்டும் பின் நம்பரும் கொடுத்து பணம் எடுத்துட்டு வரச் சொல்றதும் ஒண்ணா?

சரி, மிச்சம் எவ்வளவு? ஒரு தடவை லாகின் பண்ண 5 எம்பி ஆகுதுன்னு வைப்போம். மாசம் 10 தடவைன்னா 50 எம்பி. தினம் 1.5 ஜிபி பிளான்ல இருக்கிறவருக்கு இது ஒரு நாள் டேட்டால சுமார் 3 சதவீதம்தான். அதுக்காக சம்பள அக்கவுண்டை ரிஸ்க்ல வைக்கணுமா?

இன்னிக்கே இதைச் செய்யுங்க:

1. பணம், வரி, பிஎஃப் சம்பந்தப்பட்ட வேலைக்கு பேங்கோட சொந்த ஆப் அல்லது சாதாரண பிரவுசர் மட்டும்.

2. ஓபரா மினி வெச்சிருந்தா செட்டிங்ஸ்ல டேட்டா சேவிங் எந்த மோட்ல இருக்குன்னு பாருங்க. செய்தி படிக்க எக்ஸ்ட்ரீம் மோட் தாராளமா ஓகே.

3. ஏற்கனவே கிளவுட் பிரவுசர்ல லாகின் பண்ணியிருந்தா, சாதாரண பிரவுசர்ல போய் பாஸ்வேர்டை மாத்துங்க. அங்கே சேவ் ஆன பாஸ்வேர்டையும் அழிச்சிடுங்க.

4. நீங்க பண்ணாத டிரான்சாக்ஷன் எஸ்எம்எஸ் வந்தா உடனே பேங்குக்கும் 1930க்கும் சொல்லுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கைல, உங்க தப்பும் பேங்க் தப்பும் இல்லாத மூன்றாம் தரப்பு மோசடியை 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்குப் பொறுப்பு இல்லைன்னு இருந்துச்சு. லேட் ஆக ஆக நஷ்டம் உங்க தலையில.

டேட்டாவை நாளைக்கு ரீசார்ஜ் பண்ணிக்கலாம். போன சம்பளத்தை அப்படி ரீசார்ஜ் பண்ண முடியாதுங்க.