அக்கறை எப்போது வாக்காகிறது? அவுஸ்திரேலியா தரும் பாடம்

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் இன்று எல்லா நாடுகளிலும் உள்ளனர். ஆனால் அந்தக் கவலை வாக்குச் சாவடிக்குள்ளும் செல்கின்றதா? சென்று ஓர் அரசாங்கத்தை மாற்றினால், அடுத்த தேர்தல் வரையாவது நிலைக்கின்றதா? இதனை ஆராய அவுஸ்திரேலியாவின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். வரட்சி, காட்டுத்தீ, வெள்ளம் மூன்றினாலும் அடிபடும் அந்நாடு, உலகிற்கு நிலக்கரி விற்கும் முன்னணி நாடுகளில் ஒன்றாகவும் இருக்கின்றது. அங்கே துன்பமும் வருமானமும் ஒரே மண்ணிலிருந்து வருகின்றன. ஆகவே அங்கு நடந்தது நமக்கும் சிந்தனைக்குரியது.

1. வரட்சி தந்த வெற்றி

1990களின் இறுதியில் தொடங்கிய நீண்ட வரட்சி அந்நாட்டின் தென்கிழக்கை ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாட்டியது. மறே-டார்லிங் ஆற்றுப் படுகையின் விவசாயிகள் நீரின்றித் தவித்தனர். பெருநகர மக்களும் நீர்க் கட்டுப்பாட்டை அனுபவித்தனர். பிரதமர் ஜோன் ஹவார்டின் அரசாங்கமோ கியோத்தோ உடன்படிக்கையை உறுதிப்படுத்த மறுத்து வந்தது. 2007 நவம்பர் தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் கெவின் ரட் இதனை முக்கிய வாக்குறுதிகளில் ஒன்றாக்கி வெற்றி பெற்றார். ஹவார்ட் தமது சொந்தத் தொகுதியையும் இழந்தார். தொழிலாளர் சட்டங்கள் மீதான கோபமும் இத்தோல்விக்குப் பெருங்காரணம் என்பதை மறக்கலாகாது. எனினும் ரட் பதவியேற்ற அன்றே, டிசம்பர் 3ஆம் திகதி, கியோத்தோ உடன்படிக்கையை உறுதிப்படுத்தக் கையொப்பமிட்டார்.

2. வெற்றிக்குப் பின் வந்த சரிவு

கையொப்பம் இடுவது எளிது. அதற்கான செலவை யார் சுமப்பது என்ற கேள்வியே கடினமானது. காபன் வெளியேற்றத்திற்கு விலை விதிக்கும் ரட்டின் சட்டமூலம் 2009இல் செனற் சபையில் இருமுறை தோற்கடிக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் அது மிகையானது என்றனர். பசுமைக் கட்சியினர் அது போதாது என்றனர். இரு சாராரும் எதிர்த்து வாக்களித்தனர். 2010 ஏப்பிரலில் ரட் அத்திட்டத்தை ஒத்திவைத்தார். அதனோடு அவருடைய செல்வாக்கும் சரிந்தது. யூன் மாதத்தில் பதவியும் போனது.

அடுத்து வந்த ஜூலியா கிலார்ட், காபன் வரி விதிப்பதில்லை என்று தேர்தலுக்கு முன் கூறியிருந்தார். பெரும்பான்மை கிடைக்காததால் பசுமைக் கட்சியினதும் சுயேச்சைகளினதும் ஆதரவுடனேயே அவர் ஆட்சி அமைத்தார். 2012 யூலை 1 முதல் தொன்னுக்கு 23 டொலர் என்ற காபன் விலை நடைமுறைக்கு வந்தது. குறைந்த வருமானமுடையோருக்கு வரிக் குறைப்பும் உதவிப் பணமும் வழங்கப்பட்ட போதிலும், மக்கள் மனதில் பதிந்தவை மின்கட்டணமும் மீறப்பட்ட வாக்குறுதியுமே. 2013இல் ரொனி அபொட் அந்த வரியை நீக்குவதாகக் கூறியே வென்றார். 2014 யூலையில் அதனை நீக்கினார்.

3. சுமை யார் தோளில்?

2019 மே தேர்தலில் 2030ஆம் ஆண்டுக்குள் வெளியேற்றத்தை 45 வீதம் குறைப்போம் என்று தொழிற்கட்சி முன்வந்தது. கருத்துக் கணிப்புகள் அதற்கே வெற்றி என்றன. முடிவு எதிர்மாறாயிற்று. குயின்ஸ்லாந்தின் 30 ஆசனங்களில் ஆறு மட்டுமே அதற்குக் கிடைத்தன. புதிய நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்துத் தெற்கிலிருந்து வாகனப் பேரணியொன்று அம்மாநிலத்திற்குச் சென்றது. சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது தமது சோற்றில் கைவைக்க வந்தவர்களின் ஊர்வலமாகவே தோன்றியது. அதே நாளில், சிட்னியின் வசதிமிக்க வொரிங்கா தொகுதி, காலநிலைக்காகக் குரல் கொடுத்த சுயேச்சை வேட்பாளர் சாலி ஸ்டெகலைத் தெரிவுசெய்து அபொட்டைத் தோற்கடித்தது.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். பிழைப்புக்கு ஆபத்தில்லாத இடத்தில் அக்கறை வாக்காகியது. பிழைப்பே கேள்விக்குள்ளான இடத்தில் அச்சம் வாக்காகியது. சுரங்கத் தொழிலாளர்கள் இயற்கையின் பகைவர்கள் அல்லர். மாற்றுத் தொழில் எது, எப்போது வரும் என்று அவர்கள் நம்பும்படி சொல்வார் இருக்கவில்லை.

4. சமையலறை மேசையில் தொடங்கியது

2019-20 கோடையில் எழுந்த காட்டுத்தீயில் 33 பேர் மாண்டனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2022 மே தேர்தலில் ஆறு புதிய சுயேச்சைப் பெண் வேட்பாளர்கள் லிபரல் கட்சியின் நகர்ப்புறத் தொகுதிகளைக் கைப்பற்றினர். அவர்களுக்குத் தாராளமான நிதியுதவி கிடைத்தது உண்மை. ஆனால் அவர்கள் பின்பற்றிய வழிமுறை ஒரு நாட்டுப்புறத் தொகுதியில் பிறந்தது. விக்டோரியா மாநிலத்தின் இண்டை தொகுதியில் மக்கள் சிறு குழுக்களாகச் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து, ஊரின் தேவைகளைப் பேசி எழுதினர். 2013இல் அவர்களின் வேட்பாளர் கதி மக்கவன் 439 வாக்குகளால் வென்றார்.

தேர்தல் முறையும் இதற்கு உதவியது. அங்கு வாக்களிப்பு கட்டாயமானது. வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். நமது சனாதிபதித் தேர்தலிலும் மூன்று தெரிவுகளை இட இடமுண்டு. 2024இல் முதன்முறையாக இரண்டாம் தெரிவுகள் எண்ணப்பட்டன. இத்தகைய முறையில் புதியவருக்கு இடும் வாக்கு வீணாவதில்லை.

புதிய அரசாங்கம் 2022 செப்ரெம்பரில், 2005இன் அளவிலிருந்து 43 வீதக் குறைப்பைச் சட்டமாக்கியது. ஆயினும் 2024இலும் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கங்களுக்கு அனுமதி அளித்தது. 2025 மே தேர்தலில் வாழ்க்கைச் செலவே முதன்மைப் பேச்சாக இருந்தது. அணுமின் நிலையங்களை முன்வைத்த எதிர்க்கட்சி படுதோல்வி கண்டது. பசுமைக் கட்சியும் தனது நான்கு ஆசனங்களில் மூன்றை இழந்தது.

5. நாம் கற்பது

முதலாவது, இடர் அக்கறையை எழுப்புகின்றது. ஆனால் மழை பெய்ததும் அது தணிந்துவிடுகின்றது. இரண்டாவது, மாற்றத்தின் செலவு ஏழையின் தோளில் விழுமென்ற அச்சம் இருக்கும்வரை எந்தச் சட்டமும் அடுத்த தேர்தலில் கவிழக்கூடும். மூன்றாவது, பேரணியில் கூடுவோரைவிட, ஊரில் அமர்ந்து அயலவரின் அச்சத்தையும் செவிமடுப்போர் நீடித்த பலனைக் காண்கின்றனர்.

குழுவில் கலந்துரையாட:

அ. நமது கிராமத்தில் கடைசியாக வந்த வரட்சி அல்லது வெள்ளத்தின் பின், வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் நாம் என்ன கேட்டோம்?

ஆ. மரம், மணல், குளம் ஆகியவற்றைப் பாதுகாக்கும் விதியொன்றினால் நம்மில் யார் வருமானத்தை இழப்பர்? அவர்களுக்கு என்ன மாற்று வழி?

இ. அடுத்த தேர்தலுக்கு முன் நமது ஊரின் தேவைகளை நாமே பேசி எழுதுவதற்கு யார் வீட்டில், எப்போது கூடலாம்?