கிராம்பும் ஒரு ‘இல்லை’யும்

அன்புள்ள மலர்விழி,

கிராம்புப் பொடியில் சால்மோனெல்லா ‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை நம்பலாமா என்று கேட்டாய். கூடவே, “பாசிட்டிவ் கண்ட்ரோல் நன்றாக வளர்ந்திருக்கிறது சார்” என்றும் எழுதியிருந்தாய். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. கண்ட்ரோலுக்கென்று நீ போட்ட கிருமி வளர்ந்தது வெறும் ஊடகத்தில். அதில் கிராம்பு ஏது? ஊடகமும் இங்குபேட்டரும் சரியாக இருக்கின்றன என்பதற்குத்தான் அது சாட்சி. கிராம்புக்குள் கிடக்கும் கிருமியை உன் முறை பிடிக்குமா என்பது வேறு கேள்வி. ஆய்வுக்கூடங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

கிராம்பின் யூஜெனால் கிருமியை அடக்கும். வழக்கம்போல் 25 கிராம் பொடிக்கு 225 மில்லி ஊடகம் ஊற்றினால், அந்தச் சாரம் ஊடகத்தில் இறங்கிவிடும். உலர்ந்து நைந்துபோன செல்கள் அதில் தலையெடுக்காது. தட்டு வெறுமையாக இருக்கும், நீயும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவாய். கிருமி சாகவில்லை, அடங்கித்தான் கிடந்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நுண்ணுயிர்ப் பகுப்பாய்வுக் கையேட்டை ஓய்வு நேரத்தில் புரட்டுவது என் பழக்கம். சால்மோனெல்லா அத்தியாயத்தில் ஒவ்வொரு பொருளின் குணத்துக்கும் தனி வழி வைத்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டுக்கு ஊடகத்தில் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்ப்பார்கள். சாக்லேட்டுக்குக் கொழுப்பு நீக்கிய பால். இலவங்கப்பட்டையை ஒன்றுக்கு நூறு என்று நீர்க்கச் செய்ய வேண்டும். கிராம்புக்கோ ஒன்றுக்கு ஆயிரம்! 25 கிராமுக்கு 25 லிட்டர் ஊடகம். இடமில்லை, செலவாகும் என்று மேலாளர் முனகுவார். முனகட்டும்.

கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் வைத்தால் தீர்ந்தது என்று நினைக்காதே. அதற்கும் முதலில் செல்கள் பெருக வேண்டும். மாதிரியெடுப்பின் சிக்கலும் இருக்கிறது: கிலோவுக்கு ஒரு செல்தான் என்றால், 25 கிராமில் அது அகப்பட நாற்பதில் ஒரு வாய்ப்பே உண்டு.

நீ செய்ய வேண்டியது இது. கிராம்புப் பொடியிலேயே சால்மோனெல்லாவைக் கலந்து, சில நாள் உலர்வாக வைத்திருந்து, பிறகு சோதி. கோடிக்கணக்கில் கொட்டாதே, எந்த மோசமான முறையும் அதில் தேறிவிடும். விரல்விட்டு எண்ணும் அளவு செல்கள் எஞ்சினால் போதும். உங்கள் மாதிரிகளில் வழக்கமாக வராத செரோவகையை, அதாவது சால்மோனெல்லாவின் உட்பிரிவு ஒன்றை, எடு. இல்லாவிட்டால் வளர்ந்தது நீ போட்டதா, பொடியில் இருந்ததா என்று தெரியாது. 1:10, 1:100, 1:1000 மூன்றிலும் வைத்துப் பார்த்து முடிவுகளை எனக்கு அனுப்பு. அதுவரை அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்