பட்டமளிப்பு விழாவும் பிரசங்கியாரும்

சர்வகலாசாலையானது தன் மாணவர்க்குச் செய்யும் சடங்குகளுள் இறுதியானது பட்டமளிப்பு விழா. கற்றதை அளந்து பார்ப்பது பரீட்சையின் வேலை. அளந்து கண்டதை ஊரறியச் சொல்வது விழாவின் வேலை. இக்காலத்தில் சான்றிதழைத் தபால் மூலம் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு. அவ்வழி இருந்தும், தாய் தந்தையர் இரவெல்லாம் வண்டியில் விழித்திருந்து வருகின்றனரென்றால், அவர்கள் காண வருவது காகிதத்தையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விழா ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். இடத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பத்து மணிக்குத் தொடங்குமென்று அழைப்பிதழ் கூறிற்று. தலைமை விருந்தினர் வந்து சேர்ந்தபொழுது மணி பதினொன்றே முக்கால். மண்டபத்தினுள் பெற்றோர்க்கு இடமில்லை. அவர்கள் வெளியே பந்தலின்கீழ் அமர்த்தப்பட்டனர். அங்கிருந்த ஒலிபெருக்கியோ இடையிடையே இருமிற்றேயன்றிப் பேசவில்லை. விருந்தினர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வாசித்தார். பின்னர், நேரம் போதாமையால் பதக்கம் பெற்றோரும் ஆராய்ச்சிப் பட்டத்தாருமே மேடைக்கு வருவரென்றும், ஏனையோர் நின்ற இடத்திலேயே பட்டம் பெற்றதாகக் கொள்ளப்படுவரென்றும் அறிவித்தனர். நம் அருகே தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எங்க பையன் பேரச் சொல்லிட்டாங்களா, ஐயா?" என்று கேட்டார். நாம் என்ன விடை கூறுவது?

இதனைப் பிறரைக் குறைகூறும்பொருட்டு நாம் எழுதவில்லை. விழாக்கள் இவ்வாறு சீர்குலைவதற்குக் கெட்ட எண்ணம் காரணமன்று. கணக்குப் பாராமையே காரணம். ஆயிரம் பேருக்குத் தனித்தனியே பட்டம் கொடுக்க, ஒருவர்க்குப் பத்து விநாடி வீதம் வைத்தாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதன்மேல் வரவேற்புரை, அறிக்கை, பிரசங்கம், நன்றியுரை ஆகிய யாவும் ஒரே காலைப் பொழுதில் அடங்குமோ? அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையார் இதற்கு ஒரு வழி கண்டனர். காலையில் யாவரும் கூடிய பெருஞ்சபையில் வகுப்பு வகுப்பாகப் பட்டம் வழங்கிவிட்டு, பின்னர் மாணவர் தத்தம் விடுதிகளுக்கும் கலாசாலைகளுக்கும் சென்று பெயர் சொல்லப்பெற்றுச் சான்றிதழ் பெறுகின்றனர். கேம்பிரிட்ஜிலோ கல்லூரி கல்லூரியாக அழைக்கின்றனர். மாணவர் நால்வர் நால்வராய் வந்து, தம்மை முன்னிறுத்துபவரின் வலக்கை விரல்களை ஆளுக்கொன்றாகப் பற்றி நிற்பர். பின்னர் ஒவ்வொருவராக மண்டியிட்டுப் பட்டம் பெறுவர். அச்சடங்கை நாம் பின்பற்றவேண்டுமென்பது நம் கருத்தன்று. ஆயினும், எத்தனை பேராயினும் ஒவ்வொருவர்க்கும் ஒரு கணமேனும் உரித்தாக வேண்டுமென்னும் அவர்தம் எண்ணம் மதிக்கத்தக்கது. நம் கல்லூரிகளில் துறைவாரியாக இரண்டு நாட்கள் நடத்தின் என்ன இழப்பு? மேலும், மேடையில் வாசிப்பவர்க்கு மாணவரே தம் பெயரைத் தமிழெழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது நலம். மகனுடைய பெயர் சிதைந்து ஒலிப்பதைக் கேட்கவா பெற்றோர் வருகின்றனர்?

இனிப் பிரசங்கத்தைப்பற்றி ஆராய்வோம். சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று சர்வகலாசாலைகளும் 1857-ஆம் ஆண்டில் தோன்றியவை. பட்டம் பெற்றோர் தம் பட்டத்துக்கு ஏற்ப ஒழுகுமாறு அறிவுறுத்துவதே சென்னையில் அக்காலப் பிரசங்கத்தின் நோக்கம். நாளடைவில் அது அறிவுரையாகவும் நில்லாது, அரசியலுரையாகவும் ஆகாது, புள்ளிவிவரக் கோவையாய் முடிவதை நாம் பலவிடத்தும் காண்கிறோம். கேட்போரை முன்னிட்டுப் பேசிய பிரசங்கத்துக்குச் சான்று வேண்டின், 1937-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடந்ததைக் கூறலாம். அப்பொழுது துணைவேந்தராயிருந்த சியாமா பிரசாத் முகர்ஜி, இரவீந்திரநாத் தாகூரைப் பட்டமளிப்பு உரைக்கு அழைத்தார். அதுகாறும் ஆங்கிலமே ஒலித்த அச்சபையில் தாகூர் வங்காளியில் பேசினார். தாகூர் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்றவரல்லர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1878-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குப் போய் இலண்டனில் சில காலம் பயின்று, பட்டமின்றியே திரும்பியவர் அவர். கல்கத்தா சர்வகலாசாலை 1913-ஆம் ஆண்டில் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. பந்தலிலிருந்த அம்மூதாட்டியை எண்ணுந்தோறும் தாகூர் செய்த அக்காரியம் நமக்கு நினைவில் எழுகின்றது. பிரசங்கியார் தமிழறியாதவராயின், உரையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்கலாம், செலவு சிறிதே.

புகழ்பெற்றோரை வருவிப்பது எங்ஙனம்? செல்வமும் பெயரும் உள்ள சர்வகலாசாலைகளுக்கே அது கூடுமென்று பலர் சோர்கின்றனர். ஆனால் ஹார்வர்டுக்கும் மறுப்புக் கிடைத்ததுண்டு. போர்க்காலத்தில் அமெரிக்கச் சேனையின் தலைவராயிருந்த ஜார்ஜ் மார்ஷலுக்குக் கௌரவப் பட்டம் அளிக்க அவர்கள் முன்னரே விரும்பியும், அவர் வர இயலவில்லை. அவர்கள் அழைப்பைக் கைவிடவில்லை. 1947-ஆம் ஆண்டில் அவர் இராஜாங்கக் காரியதரிசியானபின், விழாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்னர்தான் வருவதாக எழுதினார். ஜூன் மாதம் 5-ஆம் நாள் கால் மணி நேரத்துக்குள் அவர் முடித்த அச்சிற்றுரையே, போரால் நலிந்த ஐரோப்பாவுக்கு உதவும் மார்ஷல் திட்டத்தின் வித்தாயிற்று. திட்டம் 1948-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. நெடும்பேச்சே பெரும்பேச்சென்று கருதுவோர் அந்தக் கால் மணியை நினைவிற்கொள்வார்களாக.

அழைப்பில் நாம் செய்யும் பிழைகள் சில. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் எழுதுகிறோம். பெரியோர் நாட்குறிப்போ ஓராண்டுக்கு முன்பே நிறைந்துவிடுகிறது. யாருக்கும் பொருந்துமாறு ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அவர் செய்த பணியுள் எதனை நம் மாணவர் அறிய விரும்புகின்றனரென்று ஒரு வாக்கியமும் அதில் இராது. பதவியை நோக்கியே அழைக்கிறோம்; பதவியிலிருப்பவர்க்கு நம் விழா அன்றைய நான்கு நிகழ்ச்சிகளுள் ஒன்று, ஆதலின் தாமதம் அவரோடு கூடவே வரும். மாணவரிடம் கேட்டால் வேறு பெயர்கள் வெளிப்படும்: ஓர் எழுத்தாளர், ஒரு மருத்துவர், கடல்கடந்து ஆராய்ச்சி புரியும் நம் பழைய மாணவர். பழைய மாணவரை அழைக்கப் பழைய ஆசிரியர் ஒருவரின் கையெழுத்துக் கடிதத்தினும் வலிய கருவி வேறில்லை. வருபவரை முந்திய மாலையே வருவித்து, இருபது முப்பது மாணவரோடு உரையாட வைப்பின், மறுநாள் உரையும் உயிர்பெறும். நேரம் இருபது நிமிடமென்பதைக் கடிதத்திலேயே குறித்துவிடுவது மரியாதைக் குறைவன்று.

யாரும் இசையாத ஆண்டும் வரக்கூடும். ஹார்வர்டில் மாணவர் மூவர் மேடையேறிப் பேசுகின்றனர். அவருள் ஒருவர் பேசுவது இலத்தீனில். நம் மாணவருள் ஒருவர் தமிழில் பத்து நிமிடம் பேசினால், பந்தலில் இருப்போரும் செவிகொடுப்பர். ஒலிபெருக்கியை மட்டும் முதல் நாளே சோதித்து வைத்தல் வேண்டும்.