கொல்லைக்கு வந்த விருந்தாளி

கோடை வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பூங்கொடிக்கும் மணிக்கும் கொண்டாட்டம்.

இது ஒரு குடும்பத்தின் கதை. இவர்கள் புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் ஏரிப் பக்கத்தில் வாழ்கிறார்கள். அஞ்சலை நூறு நாள் வேலைக்குப் போவார். போன ஆண்டுதான் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். கணவர் ஏழுமலை கரும்பு வெட்டப் போவார். மூத்தவள் பூங்கொடி. இளையவன் மணி. வீட்டில் ஆயாவும் உண்டு. ஆயா ஏழுமலையின் தாயார்.

கொல்லையில் யார் யார்?

வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொல்லை. அங்கே முருங்கை மரம், நாலு வாழை, ஒரு வைக்கோல் போர். மூலையில் விறகு அடுக்கி இருக்கும்.

"கொல்லையில் யார் யார் இருக்கிறார்கள்? எண்ணிப் பார்க்கலாமா?" என்று பூங்கொடி கேட்டாள்.

மணி நோட்டில் எழுதினான். அணில் 4. ஓணான் 2. தவிட்டுக்குருவி 7. அவை எப்போதும் கூட்டமாகவே வரும். கத்திக்கொண்டே இரை தேடும். செம்போத்து ஒன்று. அதற்குச் செங்கல் நிறச் சிறகு, சிவந்த கண். ஒருநாள் கீரி ஒன்று வேலியைத் தாண்டி ஓடியது. அதையும் எழுதினான்.

ஒருநாள் காலை தவிட்டுக்குருவிகள் ஒரே கூச்சல் போட்டன. மணி ஓடிப் போய்ப் பார்த்தான். வைக்கோல் போர் ஓரத்தில் நீளமான பாம்பு!

"அப்பா! பாம்பு!"

ஏழுமலை தடியோடு வந்தார்.

"அது சாரைப்பாம்புடா. விட்டுடு" என்றார் ஆயா. "ஆனா ஒண்ணு. சாரை வந்தா பின்னாலேயே நல்ல பாம்பும் வரும். ரெண்டும் ஜோடி" என்றும் சொன்னார்.

ஏழுமலை தடியை ஓங்கினார். பாம்பு சட்டென்று வேலிக்குள் நுழைந்து மறைந்தது.

"இன்னொரு தரம் கண்ணில் பட்டால் விடமாட்டேன்" என்றார். அவர் கை நடுங்கியது.

அஞ்சலைக்குக் காரணம் தெரியும். போன ஆண்டு எதிர்வீட்டுப் பையனைக் கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்தது. 19 வயது. காலில் கயிறு இறுக்கிக் கட்டினார்கள். மந்திரிப்பவரிடம் தூக்கிப் போனார்கள். இரவு முழுதும் வேப்பிலை அடித்தார்கள். விடிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். பையன் பிழைக்கவில்லை.

கயிறு கட்டியது ஏழுமலைதான்.

இரண்டு நாள் பயணம்

அஞ்சலையின் தங்கை மாமல்லபுரத்தில் இருக்கிறார். தங்கையின் கணவர் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறார். "லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க அக்கா" என்று தங்கை போனில் அழைத்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். ஆயா வீட்டுக்குக் காவல். பாகூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரி வந்தார்கள். அங்கிருந்து சென்னைப் பேருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனது. மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்தார்கள். பேருந்துப் பலகைகளை அஞ்சலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

மாலையில் சித்தப்பா எல்லோரையும் பெரிய பாறைச் சிற்பத்துக்கு அழைத்துப் போனார். பல்லவர் காலத்துச் சிற்பம். செதுக்கி 1300 ஆண்டுகள் ஆகின்றன. யானை, மான், குரங்கு, பூனை எல்லாம் அதில் இருக்கின்றன. பாறையின் நடுவில் ஒரு பிளவு. அதில் நாகராசாவும் நாகராணியும் கைகூப்பி நிற்கிறார்கள். மேலே மனித உடல். கீழே பாம்பு உடல்.

"இங்கேயும் பாம்பா!" என்றான் மணி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு உயிருள்ள பாம்பையே காட்டுறேன். நம்ம கொல்லைப் பாம்பு நல்லதா கெட்டதான்னு அங்கே கேட்கலாம்" என்றார் சித்தப்பா.

வடநெம்மேலியில்

மாமல்லபுரத்திலிருந்து சென்னை போகும் சாலையில் வடநெம்மேலி இருக்கிறது. அங்கே முதலைப் பண்ணை ஒன்று உண்டு. 1976-இல் தொடங்கியது. ஞாயிறு காலை அங்கே போனார்கள். முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தன.

பண்ணைக்குள் இன்னோர் இடம் இருந்தது. அங்கே பாம்பிலிருந்து விஷம் எடுக்கிறார்கள். அது இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் உருவானது.

இருளர்கள் பாம்பின் தடம் பார்த்தே வளையைக் கண்டுபிடிப்பார்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் வியாபாரம் நின்றது. பிழைப்புப் போயிற்று. அதனால் சங்கம் அமைத்தார்கள். இப்போது அரசு அனுமதியோடு பாம்பு பிடிக்கிறார்கள். விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

மண் பானைகளில் பாம்புகள் இருந்தன. பானை வாயைத் துணியால் கட்டி இருந்தார்கள். ஒரு பெரியவர் பாம்பை வெளியே எடுத்தார். ஒரு கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய உறை கட்டி இருந்தது. பாம்பு அதைக் கடித்தது. சில சொட்டு விஷம் உள்ளே விழுந்தது.

"இந்த விஷத்தை என்ன செய்வீங்க?" என்று பூங்கொடி கேட்டாள்.

"மருந்து செய்யத்தாம்மா. கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஊசி போடுவாங்க. குதிரையின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டாகும். அதைப் பிரிச்சு மருந்தாக்குவாங்க. பாம்பு கடிச்சவங்களுக்கு அந்த ஊசியைத்தான் போடுறாங்க. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது."

ஏழுமலை முன்னால் வந்தார். "ஐயா, எங்க ஊரில் மந்திரிச்சுப் பிழைச்சவங்களும் இருக்காங்களே?"

பெரியவர் சொன்னார்: "தம்பி, முக்கால்வாசிப் பாம்புக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப் பாம்பு கடிச்சாலும் சில நேரம் விஷம் இறங்காது. அவங்க மந்திரிக்காம விட்டாலும் பிழைப்பாங்க. விஷம் இறங்கினவங்களை மந்திரம் காப்பாத்தாது. நேரம்தான் வீணாகும்."

"கயிறு கட்டலாமா ஐயா?"

"கூடாது. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கால் அழுகிப் போகும். அதனால விஷமும் நிக்காது."

ஏழுமலை தலை குனிந்தார். "போன வருஷம் நான்தான் கட்டினேன்" என்றார் மெதுவாக.

பெரியவர் அவர் தோளில் கை வைத்தார். "தெரியாமல் செஞ்சது. இனிமேல் தெரிஞ்சு செய்யலாம்" என்றார்.

பிறகு நான்கு பாம்புகளைக் காட்டினார். நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவை இந்த நான்கால் வருகின்றன.

1. நல்ல பாம்பு. இதை நாகப்பாம்பு என்றும் சொல்வார்கள். படம் எடுக்கும்.

2. கட்டுவிரியன். பளபளக்கும் கருப்பு உடல். வெள்ளை வளையக் கோடுகள். இரவில் வரும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது.

3. கண்ணாடி விரியன். தடித்த உடல். முதுகில் சங்கிலி போல வட்ட வட்டப் புள்ளிகள். குக்கர் போலச் சீறும்.

4. சுருட்டை விரியன். சிறியது. சுருண்டு படுத்து, உடலை உரசி ஓசை எழுப்பும்.

"சாரைப்பாம்பு?" என்றான் மணி.

"அதற்கு விஷம் இல்லை. எலியைத் தின்னும். உங்க நெல்லைக் காக்கும். நல்ல பாம்புக்கு அது ஜோடியும் இல்லை. ரெண்டும் வேறு வேறு சாதிப் பாம்பு."

அஞ்சலை மணியின் நோட்டை வாங்கினார். பெரியவர் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. ஆனாலும் எழுதி முடித்தார்.

அந்த இரவு

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆயிற்று. நல்ல புழுக்கம். ஆயா திண்ணையில் தரையில் படுத்திருந்தார்.

நள்ளிரவில் ஆயா எழுப்பினார். "கையில் ஏதோ சுருக்குன்னு குத்திச்சு. எறும்பு போல இருக்கு. இப்ப வயிறு வலிக்குது."

அஞ்சலை டார்ச் அடித்துப் பார்த்தார். கையில் வீக்கம் இல்லை. சின்னதாக இரண்டு புள்ளி மட்டும் தெரிந்தது. முகத்தைப் பார்த்தார். ஆயாவின் கண் இமை தொங்கியது.

அக்கம்பக்கத்தார் கூடினார்கள். "மந்திரிக்கிறவரைக் கூப்பிடுங்க" என்றார் ஒருவர். ஏழுமலை பதறிப்போய்க் கயிறு எடுக்க ஓடினார்.

"கயிறு வேண்டாங்க!" என்றார் அஞ்சலை.

ஏழுமலை நின்றார். கயிற்றைக் கீழே போட்டார்.

பூங்கொடி 108-க்குப் போன் செய்தாள். "பாம்புக்கடி" என்று தெளிவாகச் சொன்னாள். அஞ்சலை நோட்டைப் பிரித்தார். எழுதியபடி செய்தார். ஆயாவின் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினார். கையை அசைக்காமல் ஒரு மட்டையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டினார். ஆயாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "பயப்படாதீங்க அத்தை. இதுக்கு மருந்து இருக்கு" என்றார்.

மருத்துவமனையில் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார்கள். 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். இரத்தம் உறைந்தது. விரியன் வகையில் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். இங்கே இரத்தம் உறைந்துவிட்டது. ஆனால் இமை தொங்குகிறது. வயிறு வலிக்கிறது. தரையில் தூங்கும்போது கடித்திருக்கிறது. "கட்டுவிரியனாகத்தான் இருக்கும்" என்றார் மருத்துவர். மருந்தை உடனே ஏற்றினார்கள்.

விடியும்போது ஆயாவுக்கு மூச்சு திணறியது. மூச்சுக் கருவி வைத்தார்கள். இரண்டு நாள் கருவியில் இருந்தார். மூன்றாம் நாள் தானாக மூச்சு விட்டார். எட்டாம் நாள் வீடு வந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம்" என்று மருத்துவர் சொன்னாராம்.

ஏழுமலை கொல்லை மூலையில் இருந்த விறகை வீட்டைவிட்டுத் தள்ளி அடுக்கினார். ஆயாவுக்குக் கட்டில் வாங்கினார். கொசுவலை கட்டினார்.

ஒருநாள் காலை தவிட்டுக்குருவிகள் மறுபடியும் கத்தின. அதே சாரைப்பாம்பு. வாயில் ஓர் எலி. ஏழுமலை பார்த்துக்கொண்டே நின்றார். தடியை எடுக்கவில்லை.

மணி நோட்டில் எழுதினான்: சாரை 1.

தெரிந்துகொள்வோம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால் பலரைக் காப்பாற்றலாம்.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியவை
• தைரியம் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள்.
• வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றுங்கள்.
• கடித்த கை அல்லது காலை அசையாமல் வையுங்கள்.
• 108-ஐ அழையுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

செய்யக் கூடாதவை
• கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது.
• கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.
• பாம்பைத் தேடி அடிக்கப் போகக் கூடாது. பாம்பைப் பார்க்காமலே மருத்துவர் சிகிச்சை தருவார்.
• மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

கடி வராமல் தடுக்க
• இரவில் டார்ச் விளக்கோடு நடங்கள். செருப்புப் போடுங்கள்.
• தரையில் படுப்பதைத் தவிருங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.
• வீட்டை ஒட்டி விறகு, செங்கல் குவிக்காதீர்கள். எலி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. விடை எழுதுங்கள்:
அ) ஏழுமலையின் கை ஏன் நடுங்கியது?
ஆ) மந்திரித்தவர்களில் சிலர் எப்படிப் பிழைத்தார்கள்?
இ) ஆயாவைக் கடித்தது கட்டுவிரியன் என்று மருத்துவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

2. சரியா, தவறா?
அ) சாரைப்பாம்புக்கு விஷம் உண்டு.
ஆ) கடித்த இடத்தில் வலி இல்லை என்றால் ஆபத்து இல்லை.

3. பேசிப் பாருங்கள்: உங்கள் ஊரில் பாம்பு கடித்தால் என்ன செய்கிறார்கள்? பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. செய்து பாருங்கள்: அந்த மருத்துவமனையின் பெயரையும் 108 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.